ஊமைச் சாராயமும் உத்தனப்பள்ளியில் ஒரு ஐரிஷ் பெக்கும்

மக்களே, சுத்தி வளைக்காமல் சொல்லிடறேன். தமிழ்நாட்டில் யாரும் விஸ்கியைத் தேர்ந்தெடுத்துக் குடிப்பதில்லை. விலையைத் தேர்ந்தெடுத்துக் குடிக்கிறோம். கம்பிக்குள்ள கையை விட்டு "கம்மி ரேட்ல ஒரு குவார்ட்டர் குடுண்ணா" என்பதோடு நம்ம ரசனை முடிஞ்சுது. உள்ளேயிருந்து எது வருதோ அதுதான் அன்னைக்கு விஸ்கி.

நிலைமை இப்படி இருக்க, நம்ம சக பதிவர் பெருமக்கள் "ரசித்துக் குடிக்க பத்து விஸ்கிகள்" என்று பட்டியல் போடுகிறார்கள். ஏர்போர்ட்டில் வாங்கின பாட்டிலை லேப்டாப்புக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு போட்டோ. கீழே "மூக்கில் வெனிலா, நாக்கில் கேரமல், முடிவில் நீளமான மிளகு" என்று ஒரு வருணனை. இதற்கு எதிர்முகாம் ஒன்று உண்டு. அங்கே எந்த பாட்டிலைக் காட்டினாலும் "குடி குடியைக் கெடுக்கும்" என்பதைத் தவிர வேறு வாக்கியம் வராது. இரண்டு முகாமும் வருஷக்கணக்கா கும்மி அடிக்குது. ஆனா அந்த பாட்டிலுக்குள்ள என்ன இருக்கு என்று மட்டும் ரெண்டு பேருமே கேட்க மாட்டாங்க. என் சண்டை இந்த ரெண்டு பேரோடும்தான்.

நான் இருப்பது உத்தனப்பள்ளி. ஓசூர்–இராயக்கோட்டை சாலையில், ஓசூரிலிருந்து சுமாராக இருபது கிலோமீட்டர். தக்காளியும் ராகியும் ரோஜாவும் விளையுற பூமி. இப்போ செல்போன் பாகம் செய்யுற பெரிய தொழிற்சாலையும், ஷிப்ட் பஸ்ஸும், சிப்காட்டுக்கு நிலம் தர மாட்டோம் என்று உட்கார்ந்த விவசாயிகளும் எல்லாம் ஒரே ரோட்டில். இங்கே உட்கார்ந்துகொண்டு ஐரிஷ் விஸ்கி பற்றி எழுதுவதா என்று நீங்க சிரிக்கலாம். கூட வேலை பார்க்கிற தம்பி ஒருத்தன் சிரிக்கவே செய்தான். "ஐரிஷ்னா என்னண்ணா, ஐஸ் போட்டதா?" :-)

இல்ல தம்பி. ஐரிஷ் விஸ்கி என்பது நாலு கேள்விக்கு பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு பாட்டில்.

1. எதிலிருந்து செஞ்சது? தானியத்திலிருந்து மட்டும்தான். பார்லி, சோளம், கோதுமை இப்படி. கரும்புக் கழிவுப் பாகு கிடையாது.

2. எதில் காய்ச்சினது? செம்பில் செய்த பெரிய பானையிலா (பாட் ஸ்டில்), இல்லை விடாமல் ஓடும் தூண் மாதிரியான இயந்திரத்திலா, இல்லை இரண்டும் கலந்ததா? வகைப் பெயரே இதைச் சொல்லிவிடும். சிங்கிள் மால்ட், சிங்கிள் பாட் ஸ்டில், சிங்கிள் கிரெய்ன், பிளெண்டட் என்று நாலே வகை.

3. எதில் ஊறினது? மரப் பீப்பாய். முன்னாடி அமெரிக்க போர்பன் இருந்த பீப்பாயா, ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயா என்பது வரை பெரும்பாலும் எழுதியிருப்பார்கள்.

4. எத்தனை வருஷம்? குறைந்தது மூன்று. அதுவும் அந்தத் தீவிலேயே ஊறியிருக்க வேண்டும். மூன்று வருஷம் ஆகாவிட்டால் விஸ்கி என்று பெயர் வைக்கவே சட்டம் விடாது.

இந்த நாலு பதிலும் சும்மா வந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் ஒரு பெரிய வாய்க்கால் தகராறு இருக்கு. நம்ம கதைக்கு அது ரொம்ப முக்கியம், அதனால கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

18ஆம் நூற்றாண்டில் முளைகட்டின பார்லிக்கு பிரிட்டிஷ் அரசு வரி போட்டது. அயர்லாந்துக்காரன் நம்மாளு மாதிரி. வரியைக் குறைக்க, முளைகட்டாத பார்லியையும் சேர்த்துக் காய்ச்சினான். வரிக்குப் பயந்து செய்த அந்த வேலையில் ஒரு தனி ருசி பிறந்தது. கொழகொழவென்று கொஞ்சம் எண்ணெய்ப் பதம், கூடவே ஒரு காரம். அதுதான் இன்றைக்கு சிங்கிள் பாட் ஸ்டில் என்று பெருமையாகச் சொல்லும் வகை. 19ஆம் நூற்றாண்டில் உலக விஸ்கிச் சந்தையில் டப்ளின்காரர்கள் வைத்ததுதான் சட்டம்.

1830ல் ஈனியஸ் காஃபி என்பவர் தூண் மாதிரியான புது இயந்திரத்துக்கு காப்புரிமை வாங்கினார். இவர் யார் தெரியுமா? அயர்லாந்தில் ஆயத்தீர்வை அதிகாரியாக இருந்தவர். வரி வசூல் பண்ணினவரே காய்ச்சுற மெஷின் கண்டுபிடிச்சிருக்கார் பாருங்க. அந்த இயந்திரத்தில் மலிவாக, வேகமாக, இடைவிடாமல் சாராயம் வந்தது. ஆனால் ருசி, வாசம் எல்லாம் உருவி எடுத்த மாதிரி வந்தது. டப்ளினின் பெரிய காய்ச்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஊமைச் சாராயம்'. எந்தத் தானியத்திலிருந்து வந்தேன் என்று அது வாயைத் திறந்து சொல்லாது. 1870களின் கடைசியில் ஜேம்சன் குடும்பத்தின் இரண்டு கம்பெனிகளும், பவரும், ரோவும் சேர்ந்து இதை எதிர்த்து ஒரு புத்தகமே போட்டார்கள். ஊமைச் சாராயத்தில் கொஞ்சம் வாசம் சேர்த்து விஸ்கி என்று விற்பது மோசடி என்பதுதான் புத்தகத்தின் சாரம். இன்றைய கணக்கில் சொன்னால் நாலு பெரும் பதிவர்கள் சேர்ந்து போட்ட கூட்டுப் பதிவு.

தோற்றார்கள். 'விஸ்கி என்றால் என்ன' என்று விசாரிக்க 1908ல் அரச ஆணையம் ஒன்று உட்கார்ந்தது. தூண் இயந்திரத்தில் வந்த தானியச் சாராயமும் விஸ்கிதான் என்று 1909ல் சொல்லிவிட்டது. அப்புறம் அமெரிக்காவில் 1920லிருந்து 1933 வரை மதுவிலக்கு, நடுவில் நாட்டுப் பிரிவினை, 1930களில் பிரிட்டனோடு வர்த்தகச் சண்டை. அடி மேல் அடி. 1966ல் மிச்சமிருந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். 1970களின் நடுவில் தீவு முழுக்க இயங்கியது இரண்டே இரண்டு ஆலைகள். தெற்கே மிடில்டன், வடக்கே புஷ்மில்ஸ்.

அங்கிருந்து 2020களின் தொடக்கத்தில் நாற்பது ஆலை அளவுக்கு மறுபடி வந்திருக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. இன்றைக்கு விற்கிற ஜேம்சன் பாட்டிலிலும் அந்தத் தூண் இயந்திரத்துச் சரக்கு கலந்துதான் இருக்கிறது. அன்றைக்குத் திட்டினதை இன்றைக்குக் கலக்கிறார்கள், ஆனால் மறைக்கவில்லை. 'பிளெண்டட்' என்று எழுதிவிட்டுக் கலக்கிறார்கள். கலக்காதது வேணுமா, 'சிங்கிள் பாட் ஸ்டில்' என்று பக்கத்திலேயே வேறு பாட்டில் வைத்திருக்கிறார்கள். கலப்பு தப்பே இல்லைங்க. சொல்லாமல் கலப்பதுதான் தப்பு.

இப்போ நம்ம குவார்ட்டருக்கு வாங்க.

நம்ம ஊரில் விஸ்கி என்று விற்கும் மலிவுச் சரக்கில் பெரும்பகுதிக்கு அடிப்படை, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு. அதைப் புளிக்க வைத்து, தூண் இயந்திரத்தில் ஏற்றி, 96 சதவீதம் கிட்ட சுத்தமான ஆல்கஹாலாக்கி, தண்ணீர் விட்டு இறக்கி, கொஞ்சம் மால்ட் சாராயமோ வாசனையோ சேர்த்து, கருக்கின சர்க்கரையில் நிறம் ஏற்றினால் விஸ்கி. அதே மூலச் சரக்கில் வேற வாசனை சேர்த்தா பிராந்தி. இன்னொன்று சேர்த்தா ரம். டப்ளின்காரன் சொன்ன ஊமைச் சாராயத்துக்குக் கூட தானியம் என்று ஒரு அப்பா உண்டு. நம்முடையது அதற்கும் ஒரு படி மேலே போன ஊமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. இங்கே முடியும். இத்தனை வருஷம் ஊறியே ஆகணும் என்ற கட்டாயமும் இங்கே கிடையாது.

பாட்டிலில் 42.8 சதவீதம் என்று ஒரு விசித்திரமான எண்ணைப் பார்த்திருப்பீங்க. 43 இல்ல, 40 இல்ல, அது என்ன 42.8? பழைய பிரிட்டிஷ் 'புரூஃப்' அளவில் 75 டிகிரி என்பது கணக்குப் போட்டால் 42.8 வரும். வெள்ளைக்காரன் ஆயத்தீர்வைக் கணக்கை தசம புள்ளியோடு காப்பாத்திட்டோம். எதிலிருந்து காய்ச்சினாய் என்ற கேள்வியை மட்டும் தொலைச்சிட்டோம்.

டாஸ்மாக் சரக்கைப் பிரிப்பது எப்படி? சாதா, மீடியம், பிரீமியம். எதை வைத்து? விலையை வைத்து! மால்ட்டா, பாகா, பீப்பாயா, பிளாஸ்டிக் தொட்டியா என்பதெல்லாம் அந்தப் பிரிவில் வராது. அரிசிக் கடையில் பொன்னியா, சோனாவா, இட்லி அரிசியா, பழசா புதுசா என்று கேட்டு, கையில் அள்ளிப் பார்த்து, ஒன்றை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து வாங்குற அதே ஆள், இங்கே மட்டும் "கம்மி ரேட்ல ஒண்ணு" என்கிறான். அவன் முட்டாள் இல்லை. கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை, பிடிக்கலைன்னா பக்கத்துக் கடைக்குப் போக வழியில்லை. ஏன்னா பக்கத்துக் கடையும் அவங்களுதுதான்.

1983ல் மொத்த வியாபாரத்துக்காக ஆரம்பித்த கம்பெனி இது. 2003 நவம்பரிலிருந்து சில்லறையும் அதன் கையில். 2024-25ல் அரசுக்கு வந்த வருமானம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கூட்டம் வேறு எந்தக் கடைக்கு இருக்கு? இவ்வளவு குறைவா மரியாதை வேறு எந்த வாடிக்கையாளருக்குக் கிடைக்குது?

இதில் நம்ம வட்டாரத்துக்கு ஒரு தனிக் குசும்பு இருக்கு. இந்தியாவில் காங்கிரஸ் ஆட்சி முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது எங்கே? சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1ஆம் தேதி. அன்றைக்கு ஓசூர் தாலுகா சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. கொண்டுவந்தவர் ராஜாஜி. அவர் பிறந்த தொரப்பள்ளி, இதோ ஓசூர் பக்கத்தில். அந்த 1937 மதுவிலக்குச் சட்டத்தின் கீழேதான் இன்றைக்கும் டாஸ்மாக் கடை நடக்கிறது. சாராயம் விற்கும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. அதாவது நம்ம சட்டத்தின் பார்வையில் குடிக்கிறவன் வாடிக்கையாளர் இல்லை, விலக்கு பெற்ற குற்றவாளி. குற்றவாளிக்கு எதுக்குய்யா லேபிள்?

ஓசூரைத் தாண்டி ஜூஜுவாடி, அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி. கர்நாடகம். அங்கே மொத்த வியாபாரம் 2003லிருந்து அரசு கையில், சில்லறை பெரும்பாலும் தனியார். கடைக்குள்ள போய் அலமாரியில் நிற்கிற பாட்டிலைத் திருப்பிப் படிச்சுப் பார்த்து வாங்கலாம். படிச்சுப் பார்த்து! அந்தப் பாட்டிலை இந்தப் பக்கம் கொண்டுவந்தால் சட்டப்படி குற்றம். இதை அங்கே தேனும் பாலும் ஓடுது என்பதற்காகச் சொல்லவில்லை. அங்கேயும் டெட்ரா பாக்கெட்டில் அதே ஊமைதான் ஓடுது. திருப்பிப் படிக்கிற வசதிக்காகச் சொன்னேன்.

அதே பெங்களூருவில், மைசூர் ரோடு பக்கம் கம்பிபுராவில், 1948ல் ஆரம்பித்த அம்ருத் கம்பெனியின் ஆலை இருக்கு. 2004ல் தன் சிங்கிள் மால்ட்டை அவர்கள் முதலில் இறக்கின இடம் எது தெரியுமா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. 2010ல் ஜிம் மர்ரே என்ற விஸ்கி எழுத்தாளர் அவர்களுடைய ஃபியூஷனை உலகத்தில் மூன்றாவது என்று எழுதினார். வட இந்திய பார்லி, மூவாயிரம் அடி உயரத்து ஊர், நம்ம வெயில். அயர்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு ரெண்டு சதவீதம் போல ஆவியாகும். பெங்களூருவில் பத்துப் பன்னிரண்டு சதவீதம். அங்கே அதை தேவதைகள் குடிச்சிட்டாங்க என்பார்கள். நாம முனீஸ்வரன் கணக்குல எழுதிக்கலாம். அதனாலதான் இங்கே நாலஞ்சு வருஷத்திலேயே சரக்கு பழுத்துடுது. ஆக, வெள்ளைக்காரன் செய்தா ஒசத்தி, நாம செய்தா மட்டம் என்பதல்ல என் பேச்சு. நாலு கேள்விக்கும் பதில் சொல்ற விஸ்கி நம்ம பக்கத்து ஊரிலேயே செய்யுறாங்க. முடியாததால் செய்யாமல் இல்லை. கேட்க ஆள் இல்லாததால் செய்யவில்லை.

சரி, வழக்கமா வரப்போற மூணு எதிர்ப்புக்கு இப்பவே பதில்.

"கள்ளக்குறிச்சியில் ஆளுங்க செத்தாங்க, நீ ஐரிஷ் விஸ்கி பேசுறியா?" ஆமாங்க, அதனாலதான் பேசுறேன். 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனாலில். உள்ளே என்ன இருக்கு என்று தெரியாமல் குடிச்சதுதான் அங்கே எமன். டாஸ்மாக் குவார்ட்டரில் மெத்தனால் இருக்கு என்று நான் சொல்லவில்லை. ரெண்டும் வேற வேற. ஆனா 'உள்ளே என்ன' என்று கேட்கவே கூடாது, கிடைச்சதைக் குடி என்று ஐம்பது வருஷமா ஒரு ஜனத்தைப் பழக்கினா, அது கடைக் கம்பிக்கு வெளியேயும் கேட்காது. பாக்கெட்டிலும் கேட்காது.

"இது பணக்காரன் பேச்சு." பாதி உண்மை. வெளிநாட்டு விஸ்கிக்கு 2021 பட்ஜெட் கணக்குப்படி சுங்கமும் செஸ்ஸும் சேர்த்து 150 சதவீதம். அதுக்கு மேல மாநில வரி. 2025 ஜூலையில் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்தில் இதை 75 ஆகவும், பத்து வருஷத்தில் 40 ஆகவும் இறக்க ஒத்துக்கொண்டார்கள். புஷ்மில்ஸ் இருப்பது வட அயர்லாந்து என்பதால் அது பிரிட்டன் கணக்கு. ஆனால் நான் கேட்பது எல்லாருக்கும் ரெட்பிரெஸ்ட் ஊத்தச் சொல்லி இல்லை. சாதா குவார்ட்டரின் லேபிளில் 'கரும்புப் பாகுச் சாராயம், இத்தனை சதவீதம் மால்ட், பீப்பாயில் ஊறவில்லை' என்று தமிழில் நாலு வரி அச்சடிக்க எவ்வளவு செலவு ஆகும்? மைக்கு ஆகுற காசு. ஷிப்ட் முடிச்சு வர்ற கூலிக்காரனுக்குத்தான் அந்த நாலு வரி ரொம்பத் தேவை. பணக்காரன் எப்படியும் ஏர்போர்ட்டில் படிச்சுட்டுத்தான் வாங்குறான்.

"எதைக் குடிச்சா என்ன, ஏறினா சரி." இந்த வாதத்துக்குத்தான் எனக்கு ரொம்பக் கோவம் வரும். ஏறுவதற்கு மட்டும் என்றால் ருசி இடைஞ்சல். அதனாலதான் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கில் கவிழ்த்து, ஊறுகாயை நக்கி நாக்கை மறக்கடிக்கிறோம். ருசியோடு ஒன்று கையில் இருந்தால் அரை மணி நேரம் ஒரு பெக் ஓடும். ரசனை குடியைக் கூட்டும் என்பது சும்மா பேச்சு. என் அனுபவத்தில் வேகத்தைக் குறைத்தது ரசனைதான்.

ரெண்டு ரூபாய்க்கு பிரயோஜனமா ஏதாவது சொல்லுய்யா என்பவர்களுக்கு, இதோ. துபாயிலிருந்து வர்ற மச்சானிடம் (ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம்) என்ன சொல்லி அனுப்புவது?

முதல் தடவையா? ஜேம்சனே போதும். மூணு தடவை காய்ச்சினது, புகை வாசம் இல்லை, தொண்டையைக் கீறாது. அதிலேயே கொஞ்சம் காரம் தூக்கலா வேணும்னா பவர்ஸ். இனிப்பு பிடிக்குமா, புஷ்மில்ஸின் பிளாக் புஷ். மால்ட் அதிகம், ஷெர்ரி பீப்பாய் வாசம். ரம் குடிச்சுப் பழகின நாக்கா, டீலிங் ஸ்மால் பேட்ச். கடைசியில் ரம் பீப்பாயில் வைத்து எடுப்பார்கள். பாகு வாசம் வேணும்னாலும் அதையும் சொல்லிட்டுத்தான் செய்யணும் என்பதற்கு அதுவே உதாரணம். காசு இருக்கா, ரெட்பிரெஸ்ட் 12. அதுதான் நான் சொன்ன முளைகட்டாத பார்லிக் கதையின் நேரடி வாரிசு. கிஸ்மிஸும் பேரீச்சையும் பட்டையும் போட்ட கேக்கு மாதிரி. கிரீன் ஸ்பாட் அதே வகையில் இளசு, பச்சை ஆப்பிளும் தேனும். 'ஐரிஷ்னாலே மென்மை' என்று யாராவது அடிச்சுவிட்டா கன்னமாரா ஒரு வாய் கொடுங்க. ரெண்டே தடவை காய்ச்சினது, கரி அடுப்புப் புகை வாசம்.

கோக் ஊத்தாதீங்க. அந்த நாலு கேள்வியையும் கோக் அழிச்சிடும். பச்சைத் தண்ணி ரெண்டு ஸ்பூன், சாப்பிட்ட வயிறு, வண்டிச் சாவி அடுத்தவன் பாக்கெட்டில். வருணனைக்கு இங்கிலீஷ் அகராதி வேண்டாம். நம்ம வீட்டு அடுப்படியில் இருக்கிற பட்டை, வெல்லப்பாகு, வறுத்த ராகி, பழுத்த மல்கோவா இதெல்லாம் எதுக்கு இருக்கு?

பட்டியல் போடும் சகபதிவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பாட்டிலை போட்டோ எடுக்கும்போது முன்பக்கத்தை எடுக்காதீங்க, பின்பக்கத்தை எடுங்க. அங்கே நாலு கேள்விக்கும் என்ன எழுதியிருக்கு, என்ன எழுதலை என்று பதிவு போடுங்க. ஐரிஷ் பாட்டிலுக்கு ஒன்று, சாதா குவார்ட்டருக்கு ஒன்று, பக்கத்துப் பக்கத்தில். மதுவிலக்கு கேட்கிற நண்பர்களும் சேர்ந்துக்கலாம். விற்கவே கூடாது என்பது உங்க கட்சி. விற்கிற வரைக்கும் உண்மையைச் சொல்லி விற்கணும் என்பதில் உங்களுக்கென்ன நஷ்டம்? மதுபானங்களுக்கான தர விதிகளை 2018ல் போட்ட உணவுப் பாதுகாப்பு ஆணையம் டெல்லியில் இருக்கு, கடை நடத்துற அரசு சென்னையில் இருக்கு. ரெண்டு இடத்துக்கும் தபால் போகும்.

ஊமையா இருக்கிறது சாராயத்தோடு போகட்டும். குடிக்கிறவனும் ஏன் ஊமையா இருக்கணும்?

டிஸ்கி 1: குடிக்காதவங்க இதைப் படிச்சு ஆரம்பிக்க வேண்டாம். குடிக்காமல் இருப்பதுதான் இருப்பதிலேயே சிறந்த தேர்வு, அதற்கு லேபிளும் தேவையில்லை.

டிஸ்கி 2: "உங்க பிராண்ட் என்ன?" என்று தனி மடலில் கேட்பவர்களுக்கு: யாராவது வாங்கிக் கொடுப்பது. ஹி ஹி.